ஈயத்தைப் பொன்னாக்கியவள்

உலகச் சிறார் கதைத் தொகுதிகள் பலவற்றில் 'பர்மிய நாட்டுக் கதை' என்ற குறிப்புடன் ஒரு கதை இடம்பெறுவதைக் காணலாம். உழைப்பின் உயர்வைக் குழந்தைகளுக்கு உணர்த்துவது என்ற முத்திரையும் உடன் குத்தப்பட்டிருக்கும். அந்த முத்திரையைக் கண்டதுமே பெரியவர்களாகிய நாம் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். சற்று நின்று பார்த்தால், அந்தச் சின்னஞ்சிறு கதைக்குள் ஒரு நாட்டின் நாணய வரலாறும், ஒரு மாய வித்தையின் வரலாறும், சந்தையில் அமர்ந்த பெண்களின் வரலாறும் கிடக்கின்றன. கொஞ்சம் தள்ளி, நம்மவர் வரலாறும்.

கதை இதுதான். ஐராவதி ஆற்றங்கரையில் ஓர் இளம் தம்பதியர் வாழ்ந்து வந்தனர். கணவனுக்கு ரசவாதப் பித்து. மண்ணைப் பொன்னாக்கும் சூத்திரத்தைக் கண்டுபிடித்தே தீருவது என்று இரவும் பகலும் உலைமுன் கிடந்தான். கையிருப்பு கரைந்தது, அடுப்பில் பூனை உறங்கும் நிலை வந்தது. மனைவி தன் தந்தையிடம் போய் முறையிட்டாள். கிழவர் மருமகனைக் கண்டிக்கவில்லை. அவனைத் தனியே அழைத்து, தாமும் இளமையில் ரசவாதம் பயின்றவர் என்றும், சூத்திரம் முழுவதும் தம்மிடம் இருப்பதாகவும், ஒரே ஒரு சரக்கு கிடைக்காமல் வயது போய்விட்டது என்றும் சொன்னார். அந்தச் சரக்கு வாழையிலையின் அடிப்புறத்தில் படியும் வெண்பொடி. அதில் இரண்டு ராத்தல் வேண்டும். வாழையை அவனே தன் கையால் நட்டு வளர்த்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை.

மருமகன் தரிசாய்க் கிடந்த குடும்ப நிலத்தை வெட்டித் திருத்தி வாழை நட்டான். நீர் பாய்ச்சினான், களை பறித்தான். ஒவ்வோர் இலையாகப் புரட்டிப் பொடியை வழித்துச் சேர்த்தான். இலைக்குத்தான் அவன் கணக்கில் இடம் உண்டு. குலையைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை. குலைகளை அவன் மனைவி சந்தைக்குக் கொண்டுபோய் விற்றாள். சில ஆண்டுகள் கழிந்து இரண்டு ராத்தல் பொடியுடன் அவன் மாமனாரிடம் ஓடினான். கிழவர் மகளை அழைத்து, பழங்கள் என்னவாயின என்று கேட்டார். அவள் பைகளைக் கொண்டுவந்து கொட்டினாள். அத்தனையும் தங்கக் காசுகள். கிழவர் தோட்டத்திலிருந்து ஒரு கை மண்ணை எடுத்துவந்து காசுகளின் அருகே வைத்தார். மண் பொன்னாகிவிட்டது என்றார்.

பெயர்களும் ஆண்டுக்கணக்கும் சொல்பவருக்குச் சொல்பவர் மாறும். எலும்புக்கூடு மாறுவதில்லை.

இதைக் கேட்டவுடன் ஈசாப் கதைகளில் வரும் குடியானவன் நம் நினைவுக்கு வருவான். திராட்சைத் தோட்டத்தில் புதையல் இருப்பதாகச் சொல்லிவிட்டு இறந்துபோன அவனுடைய பிள்ளைகள் தோட்டம் முழுவதையும் தோண்டி, புதையலைக் காணாமல், அமோக விளைச்சலைக் கண்டார்கள். இரண்டும் ஒரே வகைக் கதைகள்தாம். ஆயினும் வேறுபாடு இருக்கிறது. கிரேக்கக் கதையின் பிள்ளைகள் புதையலை எதிர்பார்த்தவர்கள். எந்த ஊரிலும் இருக்கக்கூடிய சாதாரண சோம்பேறிகள். பர்மியக் கதையின் நாயகனைச் சோம்பேறி என்று சொல்ல முடியாது. அவன் உலைமுன்னும் உழைத்தான், தோட்டத்திலும் உழைத்தான். இரவெல்லாம் துருத்தி ஊதுகிறவனை உழைக்காதவன் என்று யார் சொல்வது? ஆக, உழைப்பு சோம்பலை வென்ற கதை என்று இதைச் சுருக்குவது, கதையைப் படிக்காதவர் எழுதிய முகவுரை போன்றது.

அந்த நாயகன் ஏன் ரசவாதியாக இருக்கிறான் என்பதிலிருந்து தொடங்குவோம். பர்மிய மண்ணில் ரசவாதம் என்பது வெறும் பொன்னாசை அன்று. பாதரசம், இரும்பு, மூலிகை மருந்து, எழுத்தும் எண்ணும் அடைத்த சக்கரங்கள் என்று வழிகள் பல; எல்லாம் சென்று சேருமிடம் ஒன்று. சித்தி பெற்றவன் 'வெய்க்ஸா' ஆகிறான். வித்தை என்னும் பாலிச் சொல்லின் பர்மிய உருவம் அது. அவனே 'ஜோஜி' எனவும் வழங்குவான். அது நம் யோகிதான். செவ்வுடையும் கையில் கோலுமாக இமயக் காட்டில் திரியும் ஜோஜி, பர்மியப் பொம்மலாட்டத்தின் தவிர்க்க முடியாத பாத்திரம். மரக்கூத்தின் தொடக்கத்தில் வரும் இமவந்தக் காட்சியில் அவன் ஆடாமல் ஆட்டம் நகராது. மண்ணுக்குள் புகுவான், வானில் பறப்பான், அடுத்த புத்தரான மைத்ரேயர் வரும்வரை சாகாமல் காத்திருப்பான் என்பது நம்பிக்கை. பொன் செய்வது அந்தப் பாதையில் இடையில் வரும் ஒரு நிலையம் மட்டுமே. நம் சித்தர் மரபை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

மன்னர்களையே மடக்கிய வெய்க்ஸாக்கள் உண்டு. போதோபயா மன்னர் (ஆட்சி 1782–1819) காலத்தவராகக் கருதப்படும் போ போ அவுங் கதை பர்மியச் சிறுவர் எவருக்கும் தெரியும். தம்மைக் கொல்ல முனைந்த மன்னர் முன்னே அவர் பர்மிய எழுத்தான 'வ'வை ஒன்று எழுதினார். அது இரண்டாயிற்று, நான்காயிற்று, அரண்மனை முழுதும் வட்ட வட்டமாய் நிறைந்தது. எழுதிய ஒன்றையாவது அழித்துக் காட்டும்படி மன்னருக்குச் சவால் விட்டாராம். அவருடைய உருவப்படத்தை இன்றும் பர்மிய வீடுகளிலும் கோயில்களிலும் காணலாம்.

பகான் நகரத்துத் துறவி ஒருவரின் கதை இதைவிட நமக்கு வேண்டியது. மவுங் டின் அவுங் தம்முடைய 'பர்மிய பௌத்தத்தில் நாட்டார் கூறுகள்' என்ற 1962ஆம் ஆண்டு நூலில் அதை விரிவாகச் சொல்கிறார். ரங்கூன் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர், பர்மிய நாட்டார் கதைகளை ஆங்கிலத்தில் 1948இல் நூலாக்கித் தந்தவர் அவர். கதையின்படி, அந்தத் துறவி ஏடு காட்டிய வழியில் எத்தனையோ முறை முயன்று தோற்றார். கடைசியில் மனம் வெறுத்து, தாம் செய்த உலோக உருண்டையைக் கழிப்பறைக் குழியில் எறிந்தார்; கண்களையும் இழந்தார். இரவில் அந்தக் குழி ஒளிவிடுவதைச் சீடன் கண்டான். ரசக்கல் சித்தியாகிவிட்டிருந்தது. கண் வேண்டுமே! கசாப்புக் கடைக்கு ஓடிய சீடனுக்கு ஓர் ஆட்டின் கண்ணும் ஒரு காளையின் கண்ணுமே கிடைத்தன. அவற்றைப் பொருத்திக்கொண்ட துறவி 'ஆடு–காளைத் துறவி' என்று பெயர் பெற்றார். பிறகு ஊரார் கொண்டுவந்த மட்டமான உலோகங்களையெல்லாம் வெள்ளியும் பொன்னுமாக மாற்றிக் கொடுத்தார். பகானில் அத்தனை கோயில்கள் எழுந்தது அந்தச் செல்வத்தால்தான் என்று கதை முடிகிறது.

பகானில் இன்றும் 3,500க்கும் மேற்பட்ட நினைவுச் சின்னங்கள் நிற்கின்றன. 2019இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வறண்ட நடுப்பகுதியில் இத்தனை கோயில்களுக்கு வேண்டிய செல்வம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நாட்டார் மனத்தைக் குடைந்ததில் வியப்பில்லை. வரலாற்றாசிரியர்களின் விடை வேறு. சௌக்ஸே சமவெளியில் மலையாறுகளை மறித்து அணையும் கால்வாயும் அமைத்து விளைவித்த நெல்தான் அந்த அரசின் அடித்தளம். கால்வாயில் ஆண்டுதோறும் வண்டல் அள்ளியவர்களுக்குக் கதை இல்லை. ரசக்கல்லை எறிந்தவருக்குக் கதை இருக்கிறது. வாழையிலைக் கதையைக் கட்டிய யாரோ ஒரு பாட்டி இந்த அநீதியை உணர்ந்திருக்க வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது. ஆடு–காளைத் துறவியின் கதையைக் கையிலெடுத்து உள்ளாடையைப் புரட்டுவது போலப் புரட்டிப் போட்டிருக்கிறாள்.

எப்படி என்பதை அறிய, ரசவாதி எதைப் பொன்னாக்க முனைகிறான் என்று பார்க்க வேண்டும். ஈயம் அவனுடைய முதன்மைச் சரக்குகளுள் ஒன்று. பழைய பர்மாவில் ஈயம் என்றால் என்ன? சில்லறை!

1795இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக அமரபுரம் சென்ற மைக்கேல் சைம்ஸ், பர்மியரிடம் நாணயம் என்பதே இல்லை என்றும், வெள்ளிக் கட்டியும் ஈயமுமே பணமாக வழங்குகின்றன என்றும் எழுதிவைத்திருக்கிறார். பெரிய வாணிபத்துக்கு வெள்ளி. காய்கறி, பழம், உப்பு போன்ற அன்றாடச் சாமான்களுக்கு ஈயத் துண்டுகள். எதையும் எண்ணிக் கொடுப்பதில்லை, நிறுத்தே கொடுப்பார்கள். வெள்ளியின் மாற்றைச் சோதித்துச் சொல்ல மாற்றுப் பார்ப்பவர்கள் இருந்தார்கள். அதற்குக் கூலியும் உண்டு. அந்நாட்டின் எடை அலகை ஆங்கிலேயர் 'விஸ்' என்று எழுதினார்கள். அது நம் வீசைதான், வணிகர் வாய்வழிக் கடல் கடந்தது. பர்மிய அரசர் சொந்தமாக அக்கசாலை அமைத்து மயில் முத்திரை பதித்த நாணயங்களை வெளியிட்டது மிண்டோன் மன்னர் காலத்தில், 1865இல்தான். அதற்குள் நாட்டின் தென்பாதி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டிருந்தது.

ஆகவே கதையில் வரும் தங்கக் காசுகள், பிற்காலத்தில் மொழிபெயர்த்தோரின் கைவண்ணமாகவே இருக்கக்கூடும். கதையை மன்னர் காலத்துச் சந்தையில் வைத்துப் பார்த்தால் காட்சி இன்னும் கூர்மையாகிறது. வாழைப்பழம் சில்லறைப் பண்டம். அதை விற்றவளுக்கு ஈயம் கிடைக்கும். ஈயத்தைச் சேர்த்து வைத்து வெள்ளியாக மாற்ற வேண்டும். வெள்ளியின் மாற்று பார்த்து, ஏமாறாமல், பொன்னாக மாற்ற வேண்டும். ஈயம் வெள்ளியாகி வெள்ளி பொன்னாகும் இந்தப் படிக்கட்டையே ஆடு–காளைத் துறவி தம் ரசக்கல்லால் தாண்டினார். அவருக்கு நொடியில் நிகழ்ந்தது இவளுக்கு ஆண்டுக்கணக்கில், தராசுத் தட்டில் நிகழ்ந்தது. கணவன் உலைமுன் தேடிய மாற்றம் அவன் வீட்டுக்குள்ளேயே, அவன் கவனிக்காத கையால் நடந்துகொண்டிருந்தது. கதையில் உண்மையான ரசவாதி மனைவிதான்.

இது நம்முடைய வலிந்த வாசிப்பு அன்று. பர்மியச் சந்தையைக் கண்ட எவரும் ஒப்புக்கொள்வார்கள். அங்கே சில்லறை வாணிபம் பெரும்பாலும் பெண்கள் கையில்தான் இருந்தது. மேல் பர்மாவில் ஆங்கிலேய அதிகாரியாகப் பணியாற்றிய பீல்டிங் ஹால் 1898இல் வெளியிட்ட தம் நூலில் இதை வியப்புடன் பதிவு செய்திருக்கிறார். தம் நாட்டுப் பெண்களுக்கு இல்லாத உரிமைகள் இங்கே சந்தைக்காரிக்கு இருக்கின்றன என்பது அவருடைய வியப்பு. பர்மிய பௌத்த வழக்கச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் சொத்துரிமை உண்டு; மணமான பிறகு இருவருமாகச் சேர்த்த பொருள் இருவருக்கும் பொது. எனவே அந்தப் பொற்பைகள் மனைவி கணவனுக்குத் தெரியாமல் அஞ்சறைப் பெட்டியில் ஒளித்துவைத்த சிறுவாட்டுக் காசு அல்ல. சட்டப்படி அவளும் உரிமையாளர். அவளிடம்தான் கிழவர் கணக்குக் கேட்கிறார் என்பதையும், அவள் தயங்காமல் கொண்டுவந்து கொட்டுகிறாள் என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். நம் பக்கத்தில் இந்தக் கதையைச் சொல்லும்போது பல நேரங்களில் மனைவி வெறும் புலம்பும் பாத்திரமாகச் சுருங்கிவிடுகிறாள். கதையின் அச்சாணியே கழன்றுவிடுகிறது.

ஏன் வாழை என்பதும் தற்செயல் அன்று. 'நாட்' எனும் தெய்வங்களுக்கும், ஆசானுக்கும், வீட்டுச் சடங்குகளுக்கும் பர்மியர் வைக்கும் படையலின் பெயர் 'கடோப்வே'. நடுவில் ஒரு தேங்காய், சுற்றிலும் வாழைச் சீப்புகள். மழையோ வெயிலோ, எந்த மாதத்திலும் யாராவது ஒருவர் ஏதாவது ஒரு காரணத்துக்குப் படையல் வைப்பார். வாழைச் சீப்புக்குச் சந்தையில் கிராக்கி குறைவதில்லை. வாழைத்தண்டு இல்லாமல் அவர்களுடைய காலைச் சிற்றுண்டியான மொஹிங்கா இல்லை. (சென்னைக் கடற்கரைச் சாலைப் பக்கம் பர்மா பஜாரை ஒட்டிய தள்ளுவண்டிகளில், அத்தோவுக்குத் துணையாக ஊற்றித் தரும் மொய்ங்காவில் மிதக்கும் வாழைத்தண்டைத் தின்றவர்களுக்கு இது தெரிந்த செய்தி.) இலையின் அடிப்புறத்தில் படியும் வெண்பொடியும் கற்பனை அல்ல. நீர் ஒட்டாதிருக்க இலை தானே சுரக்கும் மெழுகுப் பூச்சு அது. பந்தியில் இலையைப் புரட்டிப் போட்டு விரலால் கோடு கிழித்த குழந்தைகள் யாவரும் அறிந்தது. அதில் இரண்டு ராத்தல் சேர்க்க எத்தனை ஆயிரம் இலைகள் வேண்டும்! கிழவர் எடைபோட்டுத்தான் சொல்லியிருக்கிறார்.

உழைப்பு என்ற பண்புக்குப் பர்மியக் குழந்தை முதலில் கேட்கும் சொல் 'விரிய', பாலியில் வீரியம். புத்தரின் முற்பிறவிக் கதைகளுள் இறுதிப் பத்தும் பத்துப் பாரமிதைகளுக்கு எடுத்துக்காட்டு என்பது மரபு. அவற்றுள் வீரியத்துக்கு உரியது மகாஜனகன் கதை. கியான்சித்தா மன்னர் (ஆட்சி 1084–1112) எழுப்பிய பகான் ஆனந்தா கோயிலில் இப்பத்துக் கதைகளும் மெருகிட்ட சுடுமண் பலகைகளில் மோன் மொழிக் குறிப்புகளுடன் தொடர் தொடராகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. இழந்த அரசை மீட்கப் பொருள் தேடிச் சுவர்ணபூமிக்குக் கப்பலேறுகிறான் மகாஜனகன். கப்பல் கவிழ்கிறது. கரை தெரியாத கடலில் ஏழு நாள் நீந்துகிறான். பயனற்ற முயற்சி எதற்கு என்று கேட்கும் கடல் தெய்வத்திடம், முயலாமல் இறப்பதைவிட முயன்று இறப்பதில் பழியில்லை என்னும் பொருளில் வாதிடுகிறான். அந்தத் தெய்வத்தின் பெயர் மணிமேகலை. ஆம், நம் காப்பியத்தில் கோவலனின் முன்னோனைக் கடலில் காத்த அதே மணிமேகலா தெய்வம்தான். சுவர்ணபூமி, அதாவது பொன்னாடு, தங்கள் கீழைக் கரையான தட்டோன்தான் என்பது பர்மியர் நம்பிக்கை.

இரு கதைகளையும் அருகருகே வைத்தால் ஒன்று புலப்படும். மகாஜனகன் பொன்னாட்டை அடையவே இல்லை. தெய்வம் அவனை மிதிலையில் கொண்டுபோய் விடுகிறது. அங்கே முயற்சிக்கு மதிப்பு முயற்சியிலேயே இருக்கிறது; பலனைப் பற்றிய உத்தரவாதம் கிடையாது. வாழையிலைக் கதையில் முயற்சி பொன்னாகவே கைக்கு வந்துவிடுகிறது. விகாரைச் சுவரில் பதித்த கதை கொடுக்கத் துணியாத வாக்குறுதியை, சந்தைக்காரி சொன்ன கதை கொடுக்கிறது. அந்த வாக்குறுதி நிறைவேற என்னென்ன இருந்தாக வேண்டும்? நிலம் குடும்பத்துக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். விற்ற பணம் வீட்டுக்கு வர வேண்டும். கதை இவற்றைச் சொல்வதில்லை, இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறது. அது கட்டப்பட்ட மேல் பர்மியக் கிராமத்தில் அவை பெரும்பாலும் இருந்தன.

கீழ்ப் பர்மாவில் நடந்தது வேறு. 1852ஆம் ஆண்டுப் போருக்குப் பின் ஐராவதி டெல்டா ஆங்கிலேயர் வசமானது. 1850களின் நடுவில் 10 லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த நெல் விளைநிலம் 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. கொசுவும் பாம்பும் மண்டிய சதுப்புக் காட்டை வெட்டித் திருத்தியவர்கள், பெரும்பாலும் மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த பர்மியக் குடியானவர்கள். இதே காலத்தில்தான் பர்மியன் சோம்பேறி, கேளிக்கைப் பிரியன் என்ற பேச்சு ஆங்கிலேயர் எழுத்துகளில் வழக்கமாகிப் போனது. ரங்கூன் ஆலையிலும் துறைமுகத்திலும் நாட்கூலிக்கு வர அவன் விரும்பவில்லை என்பதே குற்றம். அந்த வேலைக்குத் தெலுங்கரும் தமிழரும் ஒரியரும் கப்பல் கப்பலாக வந்தார்கள். 1931இல் ரங்கூன் மக்கள் தொகையில் இந்தியர் பாதிக்கு மேல். ஒரு சதுப்பு நிலத்தையே உலகின் நெற்களஞ்சியமாக்கியவனைச் சோம்பேறி என்றழைத்த அந்தப் பேச்சுக்கு மலாய், பிலிப்பைன்ஸ், ஜாவா நாடுகளை வைத்து சையத் உசேன் அலத்தாஸ் 1977இல் தக்க பதில் எழுதினார். அவர் நூலில் பர்மாவுக்கு இடமில்லை. இருந்திருந்தால் ஒரு நல்ல அத்தியாயம் ஆகியிருக்கும்.

காடு திருத்தக் கடன் வேண்டும். கொடுத்தவர்கள் நம் செட்டிநாட்டு நகரத்தார். 1929–30இல் நடந்த மாகாண வங்கி விசாரணைக் குழு, பர்மாவில் அவர்கள் இட்டிருந்த முதல் சுமார் 75 கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. உள்ளூர் லேவாதேவிக்காரரைவிட அவர்கள் வட்டி குறைவு என்பதும், நிலத்தைப் பிடுங்குவது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டியவை. பணம் புரள வேண்டும் என்பதே வணிகனின் விருப்பம். சேற்று நிலத்தை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? ஆனால் உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தபோது கடன் திரும்பவில்லை, நிலம் வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்கள் பதின்மூன்றில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1930களின் இறுதியில் 25 விழுக்காடாயிற்று.

அந்தக் குடியானவனிடம் வாழையிலைக் கதையை எப்படிச் சொல்வது? அவனும்தான் நட்டான், களை பறித்தான், நீர் கட்டினான். அவன் மண்ணும் பொன்னாயிற்று. அந்தப் பொன்னில் ஒரு பகுதி காரைக்குடிப் பக்கத்து மாளிகைகளில் பர்மாத் தேக்குத் தூண்களாக நிற்கிறது. நாம் அண்ணாந்து பார்த்து வியக்கும் தூண்கள். கொடுத்த கடனும் பட்ட பாடும் அவர்கள் பக்கத்திலும் உண்டு என்பதால் தூண்கள் மீது பழி சுமத்துவது நம் நோக்கம் அன்று. உழைப்பு பொன்னாகும் என்ற வாக்கியத்தில், யாருடைய உழைப்பு யாருடைய பொன்னாகும் என்ற வேற்றுமை உருபுகளைக் குழந்தைக் கதைகள் விட்டுவிடுகின்றன என்பதையே குறிக்க விரும்புகிறோம்.

1930 டிசம்பரில் தராவடி மாவட்டத்தில் கிளர்ச்சி வெடித்தது. தலைமை தாங்கிய சயா சான் நாட்டு மருத்துவர். அவருடைய ஆட்கள் குண்டு துளைக்காதிருக்கப் பச்சை குத்திக்கொண்டு, தாயத்து அணிந்து, துப்பாக்கிகளை நோக்கி நடந்தார்கள். மருந்தும் சக்கரமும் மந்திரமும் வெய்க்ஸாக்களின் பழைய கருவிகள் அல்லவா! 1931 நவம்பரில் சயா சான் தூக்கிலிடப்பட்டார். உலையை விட்டுத் தோட்டத்துக்குப் போ என்றது கதை. தோட்டம் கைவிட்டபோது குடியானவன் மீண்டும் உலைக்கே திரும்பினான். இதை மூடநம்பிக்கை என்று எழுதிய ஆங்கிலேய அறிக்கைகள் நெல் விலையையும் நிலப் பத்திரத்தையும் சேர்த்து வாசித்திருக்கலாம்.

நகரத்தார் கையில் வந்த நிலமும் நிலைக்கவில்லை. 1942இல் ஜப்பானியர் வந்தனர். சில லட்சம் இந்தியர் கால்நடையாகவும் கப்பலிலும் வெளியேறினர். 1948இல் விடுதலை பெற்ற அரசு நில நாட்டுடைமைச் சட்டம் இயற்றியது. 1962இல் ஆட்சியைக் கைப்பற்றிய நே வின், வங்கிகளையும் கடைகளையும் அரசுடைமையாக்கினார். 1964 மே மாதத்தில் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. சென்னைக்குத் திரும்பிவந்த தமிழ்க் குடும்பங்கள் பல அந்த ஒரே ஆண்டில் கடையையும் கையிருப்பையும் இழந்தவை. 1987இல் மறுபடியும் ஓர் அறிவிப்பு. இம்முறை 25, 35, 75 கியாத் நோட்டுகள். முன்னறிவிப்பின்றி, மாற்றிக்கொள்ள வழியுமின்றி, புழக்கத்தில் இருந்த பணத்தில் பெரும்பகுதி ஓரிரவில் வெறும் தாளாயிற்று. அடுத்த ஆண்டு நாடு தெருவுக்கு வந்தது.

கியாத் என்பதே முதலில் ஓர் எடையின் பெயர். நூறு கியாத் எடை ஒரு வீசை. தாளாகிப்போன அந்தப் பெயரை நம்பாமல், மியன்மாவில் குடும்பப் பெண்கள் கையில் நாலு காசு சேர்ந்ததும் நகைக்கடைக்குச் சென்று பொன்னாக மாற்றி வைக்கிறார்கள். பொன்னை இன்றும் அங்கே கியாத் எடையில்தான் நிறுக்கிறார்கள். கதையில் வரும் மனைவியும் பழம் விற்ற பணத்தை ஈயமாகவோ வெள்ளியாகவோ வைத்திருக்கவில்லை.